ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் வீடு

கமர் நிஷா அக்கா வருகிறாள் என்றால் முதலில் சாவிச் சத்தம் கேட்கும். இடுப்பில் ஒரு வளையம், அதில் ஊரிலுள்ள பூட்டிய வீடுகளின் சாவிகள். ஒன்றுகூட அவள் வீட்டுச் சாவி அல்ல. அவள் இருந்தது கோட்டுச்சேரி கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் லைன் வீட்டில், எங்களுக்கு அடுத்த அறையில். அந்த அறையை அவள் பூட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே போனாலும் திருடனுக்கு நிற்க இடம் வேண்டுமே.

அவள் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் பெயர் கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அக்கா போய்த் திறப்பாள். ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டுக் குழாய்களை ஓடவிடுவாள், விசிறிகளைச் சுற்றவிடுவாள், பெருக்கித் துடைப்பாள். ஆள் புழங்காத வீட்டை எங்கள் ஊர் உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். பொழுது சாயும் நேரத்தில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரைக்காலின் பழைய கடலோர முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானதும் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதற்கு அவளுக்கென்று ஒரு வீடு வேண்டும். அதனால் பெண் குழந்தை பிறந்ததுமே தகப்பனுக்கு மனை பற்றிய கவலை பிறந்துவிடும். வளைகுடாச் சம்பளம் வரும்போதே கட்டிவிடுவோம் என்று, மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கு மாடி வீடு எழும்பிவிடும். பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்வரை வீடு பூட்டியே கிடக்கும். வாடகைக்கு விட்டால் குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது என்று ஒரு பயம். மகள் முதலில் அடுப்பு மூட்ட வேண்டிய வீட்டில் இன்னொருத்தி எப்படி மூட்டுவது என்று ஒரு மனசு.

இந்தப் பக்கம் நாங்கள். என் பெயர் தேவிகா. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரிப்பவள். என் புருஷன் சிவக்குமார் மினி வேன் ஓட்டுகிறார். புதுக் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் வந்த பிறகு காரைக்கால் சுற்று வட்டாரத்தில் வாடகை எங்கேயோ போய்விட்டது. எங்கள் இருவரையும் வாசலில் பார்த்ததுமே வீட்டுக்காரர்களின் முகம் சுருங்கிவிடும். பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அக்காவுக்கு எரியாது. அவள் கனவு காண்பாள்.

எங்கள் கடை முதலாளி வெள்ளிக்கிழமை கடை திறப்பதில்லை. அன்று நானும் அக்காவோடு போவேன், காதர் பாட்சா வீட்டுக்கு. அவர் ஷார்ஜாவில் குளிர்சாதன மெக்கானிக். வீடு கோட்டுச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதையில், நெல் விளைந்த நிலத்தை மனை போட்ட ஒரு நகரில் இருந்தது. விற்காத மனைகளில் தண்ணீர் தேங்கிக் கொக்குகள் நிற்கும். மத்தியானத்தில் தவளை கத்தும். மாடி ஏறினால் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. காற்று மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

வேலை முடிந்ததும் அக்கா ஹாலில் வெறுந்தரையில் படுத்துக்கொள்வாள். விசிறி சுற்றும். ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து அவள் காலடிவரை வரும். அப்போது பேச ஆரம்பிப்பாள்.

"தேவி, இங்க ஒரு சோபா. பெருசா வாணாம், ரெண்டு பேரு ஒக்கார்ற மாதிரி. மாப்புள வேல விட்டு வந்தா செருப்ப கழட்டிட்டு நேரா இங்கதான் ஒக்காருவாரு. இஃபாத்து அடுப்பங்கரையிலேருந்தே கேப்பா, டீயா காப்பியான்னு."

இஃபாத் அவள் ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம். அவளுக்கு வரன்கள் வராமலில்லை. தரகர் வருவார், போட்டோவைப் பார்ப்பார், "நல்ல புள்ள" என்பார். அடுத்த கேள்வி, "வூடு எங்க?" அத்தோடு சரி. அக்காவுக்கும் ஒரு காலத்தில் அவள் உம்மா கொடுத்த வீடு இருந்தது. புருஷனின் மலேசியா விசாவுக்காக அதை விற்றார்கள். அவர் அங்கேயே மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். வீடும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை.

பூட்டிய இத்தனை வீடுகளை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு வீடு இல்லாததால் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு பெண் நடமாடினால், மற்றவர்களாக இருந்தால் ஆகாயத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். அக்கா சோபாவுக்கு உறை என்ன நிறத்தில் தைக்கலாம் என்று என்னைக் கேட்பாள். நானும் வெட்கமில்லாமல் யோசித்துப் பதில் சொல்வேன். அந்த ஹாலில் படுத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரம். இஃபாத்தும் வந்திருந்தாள், மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைத் துப்பட்டி போட்ட ஓர் அம்மாவும், கைக்குழந்தையோடு அவர் மகளும் நின்றார்கள்.

"கமர் நிஷா வூடு இதானே? முக்குக் கடையில கேட்டோம். நா அப்ராரோட உம்மா. தரகரு சொல்லியிருப்பாரே."

தரகர் எங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, கோட்டுச்சேரி கமர் நிஷா என்று மட்டும் அவர்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வருவது உண்டு. முக்குக் கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அந்த வீட்டைத் திறந்து மூடுவது அக்கா ஒருத்திதான். அவருக்கு அது நிஷாம்மா வீடுதான்.

அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க" என்றாள். அந்த அம்மா உட்காரக்கூட இல்லை. நேராக அறைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது யாருக்கு?"

"புள்ளைக்கும் மாப்புளைக்கும். காலை வெயிலு மூஞ்சில அடிக்காது. கடக்காத்து நல்லா வரும்."

"இந்தச் சின்ன ரூம்பு?"

"பேரப்புள்ளைங்க ஓதறதுக்கு. செல்ஃபு அடிச்சி குர்ஆனை மேல வச்சிறலாம். கீழ பாயி."

"தொட்டிலு கொக்கி போடலையா?"

"இங்க ஒண்ணு போடணும்மா. அடுப்பங்கரையில நின்னா புள்ள ஆடுறது தெரியணும்ல."

நான் கையில் துடைப்பத்தோடு சுவரோடு சுவராக நின்றேன். அக்கா அவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது, எல்லாம் எத்தனையோ மத்தியானம் யோசித்து வைத்தவை. யாருடைய வீடு என்று மட்டும் அந்த அம்மா கேட்கவில்லை. பெண்ணின் தாய் திறந்து காட்டும் வீடு பெண்ணுடையதாகத்தான் இருக்கும், அதில் கேட்க என்ன இருக்கிறது?

இஃபாத் நனைந்த கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "எங்களுக்குப் புடிச்சிருக்கு. மாஷா அல்லாஹ், வூடும் புள்ளையும் வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

"உம்மா, ஏன் சொல்லல?" இஃபாத் ஈரக் கையைத் துடைக்காமலே கேட்டாள்.

"அவங்க கேக்கல."

"நீங்க எந்த வூட்டப் பத்திப் பேசினீங்க?"

"நம்ம வூட்டப் பத்தி" என்றாள் அக்கா.

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இது தெரிந்தால் சாவியும் போகும், சம்பளமும் போகும், பெண்ணின் பேரும் கெடும் என்றேன். அவள் தலையைக் குனிந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

அடுத்த நாள் அக்காவே புறப்பட்டாள். என்னையும் கூப்பிட்டாள், நான் கடைக்கு லீவு சொன்னேன். அப்ராரின் வீடு காரைக்கால் டவுனில், பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில். பழைய வீடுதான், ஆனால் அகலமானது. கைக்குழந்தையோடு வந்திருந்த அப்ராரின் அக்காவுக்கு எழுதிவைத்த வீடு அது. அவள், அவள் புருஷன், பிள்ளைகள், அப்ராரின் உம்மா எல்லாரும் அங்கே. மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் சுருட்டி நின்றது. தலையணை, கயிற்றில் இரண்டு சட்டை, ஓர் அளவு டேப். அதுதான் அப்ராரின் இடம்.

அக்கா உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"நா காட்டுன வூடு என்னோடது இல்லம்மா. சாவிதான் என்னோடது. நா வேல பாக்குற எடம். நேத்தே சொல்லியிருக்கணும். வாயி வரல."

அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "அம்புட்டு நேரம் ரூம்பு ரூம்பா காட்டினீங்களே! எங்கள என்னான்னு நெனச்சீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அக்கா முழுவதையும் வாங்கிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அப்ரார் எழுந்தான். அலுமினிய ஜன்னல் பொருத்தும் வேலைக்காரன். கையெல்லாம் கீறல், பார்வை மட்டும் ரொம்பச் சாது.

"உம்மா, வாடகைக்கு ஒரு வூடு எடுத்தா என்னா?"

"வாடகை வூட்டுக்கா மாப்புள போவான்? ஊரு சிரிக்கும்டா."

"நா இப்ப எங்க படுக்குறேன்னு ஊருக்குத் தெரியுமாம்மா?"

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. அந்த அம்மா பாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அன்றுவரை அந்த வழக்கத்தின் ஒரு பக்கம்தான் தெரிந்திருந்தது. வீடெல்லாம் பெண்களுக்கு என்றால், கல்யாணம் ஆகும்வரை ஆண்பிள்ளைக்கு ஏது இடம்? வீடு எங்கே என்று தரகர் கேட்பதைப் பேராசை என்றே நினைத்திருந்தேன். அது பாதிக்குப் பாதி பயம்.

கடைசியில் அந்த அம்மா சொன்னார். "வாடகையோ சொந்தமோ, எம்மவன் வந்து நிக்கிறதுக்கு ஒரு வூட்டக் காட்டுங்க. ரம்ஜானுக்குள்ள காட்டினா பேசுவோம். இல்லாட்டி அவனுக்கு வேற எடம் பாப்பேன். என்னால அவன அந்தப் படிக்கடியில வச்சிருக்க முடியாது."

அப்புறம் தேடல். கோட்டுச்சேரியில் ஒரு தெரு விடவில்லை, டவுனிலும் அலைந்தோம். நல்ல வீட்டுக்கெல்லாம் மாணவர்கள் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்களாம். கேட்ட முன்பணத்துக்கு அக்கா இன்னொரு பிறவி வேலை பார்க்க வேண்டும். அலைந்து திரும்பும் வழியெல்லாம் பூட்டிய கேட்டுகள். அவற்றின் சாவிகள் அவள் இடுப்பில் கிலுகிலுத்துக்கொண்டு வந்தன. எனக்கு அந்த வளையத்தைப் பிடுங்கி வாய்க்காலில் எறியலாம் போல இருந்தது.

யோசனை சொன்னது இஃபாத். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். "காதர் பாட்சா நானா மவ ஒம்பதாவதுதான் படிக்கிறா. அவ கல்யாணம் வரைக்கும் குடுங்க, அப்ப காலி பண்ணிடுறோம்னு கேளுங்கம்மா. வேற யாருகிட்ட கேக்க முடியும்?"

கேட்பதென்றால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்கா சொல்லாமல் கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் விடுமுறை. லைன் வீட்டு வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். முழுக் கதையையும் சொன்னாள். காதர் பாட்சா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எம்மவ வூட்ட ஒங்க மவளுக்குன்னு காட்டினீங்களா லாத்தா? ஒங்கள நம்பித்தானே குடுத்தேன்?" என்றார். அத்தோடு போன் நின்றுவிட்டது.

மறுநாளே அவருடைய சொந்தக்காரர் பைக்கில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். அக்கா வளையத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். மற்ற வீடுகளுக்கு எப்போதும் போலப் போய்வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் கனவு எதுவும் சொல்லவில்லை. இராத்திரி சோறு தின்னும்போது வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவளுடைய சோபா உறையின் நிறம் நினைவுக்கு வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா என் அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதர் பாட்சா கூப்பிட்டார். இந்த முறை வீடியோ. அக்கா கை ஈரமென்று போனை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

திரையில் ஓர் அறை. ஒரு கட்டில், அதன் அடியில் சூட்கேஸ்கள், நடுவில் கயிறு கட்டிய திரைச்சீலை. கட்டிலில் அவரும் அவர் மனைவியும். திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இருந்தார்கள் போலும், பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் இவர்களுக்கு அந்த ஓர் அறைதான். சமையலறைக்கு முறை போட்டுப் போகிறார்களாம்.

"லாத்தா, அன்னைக்கி அந்தம்மாகிட்ட என்னா சொன்னீங்க? மாப்புளைக்கு எந்த ரூம்புன்னு சொன்னீங்க?"

அக்கா முதலில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். "அது இல்ல லாத்தா, வூட்டப் பத்திச் சொல்லுங்க" என்றார். "நா ஒரு லீவுல அஸ்திவாரம் போட்டேன், இன்னொரு லீவுல பூட்டுப் போட்டேன். அந்த வூட்ல ஒருநாளும் தூங்கினதில்ல."

அக்கா சொன்னாள். தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பிறகு ஹாலில் படுத்துக்கொண்டு பேசுவதைப் போலவே பேசினாள். காலை வெயில் எந்த ஜன்னலில் வரும், மழை பெய்தால் எந்தப் பக்கம் சாரல் அடிக்கும், மாடியில் துணி காய எவ்வளவு நேரம் ஆகும், கடல் எந்த நாளில் தெரியும், கொய்யா மரத்தில் எத்தனை மணிக்குக் கிளி வரும். எதிர்ப்பக்கம் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. திரைச்சீலையை விலக்கி இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணும் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குச் சொந்தக்காரி அவள்தான். தன் வீட்டைப் பற்றி அவளும் அன்றுதான் கேட்கிறாள்.

"அடுப்பங்கரை ஜன்னல்ல காத்து வருமா லாத்தா?" அவர் மனைவி கேட்டார்.

"வரும்மா. அடுப்ப இந்தப் பக்கம் வச்சா நெருப்பு அணையாது."

அந்தப் பெண்மணி புருஷனிடம் திரும்பினார். "யாராச்சும் அங்க சோறாக்கட்டுங்க. நம்ம புள்ளைக்கி ஒண்ணும் கொறஞ்சிறாது. பூட்டின வூட்ல அல்லாவோட பரக்கத்து எப்புடி எறங்கும்?"

காதர் பாட்சா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளுக்கு நிச்சயம் என்று சொன்னால் காலி பண்ணிவிட வேண்டும், சுவரில் ஆணி அடித்தால் பூசிவிட்டுப் போக வேண்டும், வேறொன்றும் இல்லை என்றார். வாடகை என்று அவர் சொன்னது எங்கள் லைன் வீட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அக்கா கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். போன் என் கையில் ஆடியதில் அவர்களுக்கு எங்கள் உத்தரம்தான் தெரிந்திருக்கும்.

இது ஊரில் பரவியது. அக்கா சாவி வைத்திருந்த மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக யோசித்தார்கள். எல்லாரும் இல்லை, சிலர் இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வீடு கேட்பவர்கள், "எந்த வகுப்புப் பொண்ணோட வூடு?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் வீடென்றால் யோசிப்பார்கள். எனக்கும் சிவக்குமாருக்கும் அமைந்தது யு.கே.ஜி. படிக்கும் ஒரு பெண்ணின் வீடு. அந்தக் குழந்தை நன்றாகப் படித்து டாக்டராகி நிதானமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று நான் தினமும் சாமியைக் கும்பிடுகிறேன்.

அப்ராரின் உம்மா அந்த வீட்டுக்கு மறுபடி வந்தார். இந்த முறை உட்கார்ந்து டீ குடித்தார். யார் வீடு என்று முதலிலேயே கேட்டார், எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. நோன்பு வருவதற்கு முன் நிக்காஹ் என்று முடிவானது.

நிக்காஹுக்கு முந்தின நாள் அப்ரார் தன் பாயையும் தலையணையையும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். நான் ஹாலில் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். இஃபாத் அங்கே இல்லை, லைன் வீட்டில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அளவு டேப்பை எடுத்துச் சோபாவுக்கு இடம் அளந்தான், சின்ன அறையில் அலமாரிக்கு அளந்தான், ஒவ்வொன்றுக்கும் அக்காவைக் கேட்டான். அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். தொட்டில் கொக்கிக்கு இடம் காட்டும்போது இருவருக்குமே வெட்கம்.

பிறகு அவன் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டான். "மாமி, ஒங்க கட்டிலு எந்தப் பக்கம்?"

"என் கட்டிலா?"

"ஆமா. ஒங்களுக்கு எந்த ரூம்பு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தனை மத்தியானமும் அவள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் செருப்புக்கு இடம் இருந்தது, பிறக்காத பேரப்பிள்ளைக்குப் பாய் இருந்தது, அவளுக்கென்று ஒரு மூலைகூட இருந்ததில்லை. மகளைக் குடியேற்றிவிட்டு லைன் வீட்டுக்குத் திரும்பிவிடுவதாகவே அவள் நினைத்திருந்திருக்கிறாள், அதை நினைத்தது அவளுக்கே தெரியாமல்.

"நா அங்கேயே இருந்துக்குவேனே" என்றாள், குழந்தை மாதிரி.

"வாணாம் மாமி. எடம் பாத்துச் சொல்லுங்க, அளந்துக்குறேன்" என்றான் அவன்.

அக்கா முதல் அறைக்குள் போனாள், வெளியே வந்தாள், அடுத்த அறைக்குள் போனாள். தானே பெருக்கித் துடைத்த வீட்டை, வாடகைக்குப் பார்க்க வந்தவளைப் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்று வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். அப்ரார் டேப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான். நாங்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.